வெயில் தட்டு

— பாட்டரியில தண்ணி கொறையல. வயர எலி கடிக்கல. ஃபியூஸும் நல்லாத்தான் இருக்குது. நா சொல்றத நம்புங்க நர்சம்மா, இந்த ரூமுக்குள்ள எதுவுமே கெட்டுப் போவல.

— அப்ப ஏன் தஸ்தகீரு பாய் ஃப்ரிட்ஜு ஓடல? கதவத் தொறந்தா உள்ள அடுப்பாட்டம் காயுது. வெச்சிருந்த பாம்பு மருந்து அத்தனையும் வீணாப் போச்சு. ஒரு உசுரு போச்சு. நீங்க எதுவும் கெட்டுப் போவலங்கறீங்க.

— சங்கதி என்னன்னா, பாட்டரி காலி. மீட்டரப் பாருங்க, முள்ளு அடியில படுத்துக் கெடக்குது. மாதா கோயில் மாடியில இருக்கற தட்டுல இருந்து கரண்ட் எறங்கி வரல.

— வெளிய நின்னா மண்டை வெடிக்கற வெயிலு அடிக்குது. வெயில்லதான கரண்ட் எடுக்குது அது?

— அதான் எனக்கும் புரியல. பாலக்கோட்டுல பதினாறு வருசமா ரேடியோப் பொட்டிய பிரிச்சு மாட்டறேன். பெங்களூர்ல பத்து நாளு இந்தத் தட்டப் பத்தி படிச்சுட்டும் வந்தேன். வெயிலு இருக்கறப்ப தட்டு சும்மா இருக்காது. மேல ஏறிப் பாத்தாத்தான் தெரியும். ஏணி எங்க?

— கோயில் உள்ரூம்ல. சாவி, மணியடிக்கற கோயில்பிள்ளை யாகப்பன் ஐயா மடியில.

— போய் வாங்கியாங்க.

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி கேக்கறது? செத்தது அவரு சம்சாரம்.

— யா அல்லா! மிக்கேலம்மாவா? பஸ்ல யாரோ ஒரு பொம்பளைன்னுதான் பேசிக்கிட்டாங்க. போன மாசம் நா வந்தப்ப களி கிண்டிப் போட்டுச்சே. ‘கோழிக் கொழம்பு இருக்குது பாய், ஆனா உங்காளுங்க அறுத்ததில்ல, நீ திங்கமாட்ட’ன்னு சொல்லி எனக்குன்னு தனியா கீரை கடைஞ்சு ஊத்திச்சு.

— அவங்கதான். வியாழக்கெழம ரெண்டு மணிக்கு மாட்டுக்குப் புல்லறுக்கப் போன எடத்துல நல்லபாம்பு. கால் மணி நேரத்துல இங்க தூக்கியாந்துட்டாங்க. யாரும் பதறல தெரியுமா? நர்சம்மாகிட்ட மருந்து இருக்குதுன்னு தைரியமா வந்தாங்க. தை மாசம் சவரிய இப்படித்தான் தூக்கியாந்தாங்க, ஊசி போட்டேன், மூணாம் நாளு ஏர் ஓட்டப் போயிட்டான். அந்த நம்பிக்க.

— நீங்க ஊர்ல இருந்தீங்களா அப்ப?

— திங்கக்கெழம தர்மபுரிக்கு ட்ரைனிங் போயிட்டு அன்னைக்குப் பதினோரு மணிக்குத்தான் வந்து எறங்கினேன். வந்தவ நேரா ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்தேனா? இல்ல. குளிச்சேன், சாப்பிட்டேன், படுத்தேன். மூணு மணி நேரம் பாய். வந்ததுமே பாத்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம், யாரையாவது சைக்கிள்ல பாலக்கோட்டுக்கு வெரட்டி வேற மருந்து வாங்கியாரச் சொல்லியிருக்கலாம். மருந்தெடுக்கத் தொறந்தப்பத்தான் தெரிஞ்சுது. புட்டியத் தூக்கிப் புடிச்சுப் பாத்தா பாலு திரிஞ்ச மாதிரி உள்ள திட்டுத்திட்டா நிக்குது.

— அத போட முடியாதா?

— கலங்கின மருந்தப் போடக் கூடாது. போட்டா அதுவே கொல்லும். ‘ஃப்ரிட்ஜு ஓடல, மருந்து கெட்டுப் போச்சு’ன்னு நா கத்தினேன். மிக்கேலம்மா எங்கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்ல வந்தாங்க. ‘பேசாதீங்க, வெஷம் ஏறும்’னு வாயப் பொத்தினேன். மாட்டு வண்டியில ஏத்தி ரோட்டுக்கு அனுப்பினேன். பாலக்கோடு போறதுக்குள்ள முடிஞ்சுது. நேத்து அடக்கம்.

— அழுவாதீங்கம்மா. நீங்க வேணும்னு செஞ்சீங்களா?

— பொழுது சாய நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். தட்டயும் ஃப்ரிட்ஜயும் எறக்கி, குடுத்த தொண்டு சங்கத்துக்கே வண்டியேத்தி அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. கூட்டம் சும்மா பேருக்குத்தான்.

— அனுப்பிட்டா?

— திரும்ப வராது. அடுத்த மலையில நாலு ஊரு கேட்டுக்கிட்டு நிக்குது. நம்ம ஊருக்குக் கரண்ட் கம்பம் நட்டு ஆறு வருசமாச்சு, இன்னும் கம்பி வரல. கம்பத்துல ஆடு கட்டறாங்க. இந்த ஃப்ரிட்ஜ ரோட்டுல இருந்து நாலு மைலு தோள்ல தூக்கியாந்தாங்க பாய். வூட்டுக்கு ஒரு ஆளு. தட்டு நிக்கறதுக்கு மேடை கட்ட பொம்பளைங்க ஆத்து மணல தலையில சொமந்தாங்க. வாரம் ஒரு வூடுன்னு முறை வெச்சு தெனமும் ஏறி கண்ணாடியத் தொடைச்சாங்க. எல்லாம் போயிடும். அடுத்து யாரையாவது கடிச்சா நா என்ன பண்ணுவேன்? கையக் கட்டிக்கிட்டு நின்னு பாக்கணுமா?

— இந்த வாரம் தொடைக்கற முறை யாருது?

— கோயில்பிள்ளை வூட்டு முறைதான். அவங்க ஏமாத்தறவங்க இல்ல. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நா பொட்டி கட்டிக்கிட்டு இருந்தேன், மிக்கேலம்மா வந்து, ‘நர்சம்மா, பாட்டரின்றது தண்ணித் தொட்டி மாதிரிதான, ஒருக்கா நெறஞ்சா கெடக்குமில்ல’ன்னு அக்கறையா விசாரிச்சாங்க. ‘ஆமா, தொட்டி மாதிரிதான்’னேன். அவ்ளோ அக்கறை அதுமேல.

— ம். யாரோ வராங்க பாருங்க.

— ஐயய்யோ. அவருதான்.

— நர்சம்மா! எதுக்கு இந்த பாயக் கூப்பிட்டு வுட்டீங்க?

— யாகப்பன் ஐயா, உக்காருங்க. மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்கலையாமே. முட்டிக்குக் குடுத்த மாத்திரையாவது போட்டீங்களா?

— முட்டி கெடக்குது. கேட்டதுக்குச் சொல்லுங்க.

— கோளாறு எங்கன்னு பாக்கத்தான் ஐயா. நாலு மணிக்கு முன்னாடி தெரிஞ்சிட்டா...

— என்ன பாக்கறது? தட்டு கெட்டுப்போச்சு. அவ்ளதான் சங்கதி. கெட்டத தூக்கி எறியறத வுட்டுட்டு அதுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?

— மன்னிக்கணுங்க. உங்க வூட்டுச் சோறு தின்னவன் நா. ஒரே ஒருவாட்டி ஏணியக் குடுத்தீங்கன்னா, மேல ஏறி...

— மேல யாரும் ஏறக் கூடாது!

— ஐயா, அஞ்சு நிமிசம்...

— நாளைக்குக் குருத்து ஞாயிறு. ஆண்டவரு பாடுபடற வாரம். கோயில் தலைமேல ஏறி மிதிப்பியா நீ? பொழுது எறங்கட்டும், நானே எறக்கி வெச்சுடறேன். வேற ஒருத்தன் கை படக் கூடாது.

— நாளைக்கு வேற யாரையாவது கடிச்சா என்ன பண்றதுங்க ஐயா? உங்க தெருவுல மட்டும் பதினஞ்சு கொழந்தைங்க வெறுங்கால்ல நடக்குதுங்க.

— தட்டு வராததுக்கு முன்னயும் கடிச்சுது, செத்தாங்க. தட்டு வந்தும் செத்தா. தட்டு கெட்டுப்போச்சு நர்சம்மா. என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வெக்காதீங்க. கெட்டுப்போச்சு. நா மணியடிக்கப் போறேன், பன்னெண்டாவுது. பாய் இந்த பஸ்ஸுக்கே போயிடட்டும்.

— போறாரு. நடையப் பாருங்க, ரெண்டு நாளுல பத்து வயசு கூடிப் போச்சு.

— நர்சம்மா, இந்தப் புளியமரத்துக் கெளை மாடிமேலதான படுத்திருக்குது?

— பாய்! வேணாம். நாப்பத்தஞ்சு வயசுல மரமேறி விழுந்தீங்கன்னா அதுக்கும் எங்கிட்ட மருந்தில்ல.

— லுங்கிய இறுக்கிக் கட்டினா ஏறிடலாம். சின்ன வயசுல புளியம்பழம் உலுக்கித்தான் வயித்தக் கழுவினேன். அவரு மணியடிச்சு முடிக்கறதுக்குள்ள எறங்கிடறேன். ஆளு வந்தா இருமுங்க.

— பாத்து... அந்தக் கெளை வேணாம், அது பட்டுப்போனது... இந்தப் பக்கம்... ஏறிட்டீங்களா? கைப்பிடிச் செவுரு மறைக்குது, எனக்கு ஒண்ணும் தெரியல. தட்டு இருக்குதா? ஒடைஞ்சிருக்குதா?

— தட்டு எங்க? அதக் காணமே! இங்க யாரோ சேலை காயப் போட்டிருக்காங்கம்மா.

— சேலையா?

— தட்டு மேல விரிச்சுப் போட்டிருக்குது. இல்ல... காயப் போடல. நாலு மூலையும் இழுத்து, அடியில காலோட சேத்துக் கட்டியிருக்குது. காத்துல பறக்காத மாதிரி நறுக்குன்னு முடிச்சு. யாருக்கு வந்த வேலை இது? தட்டுமேல துணியப் போட்டு மூடினா வெயிலு எப்படி எறங்கும்? வெளையாட்டுப் பசங்களா? எங்கைக்கு கெடைச்சான்னா...

— பாய். என்ன கலரு?

— என்ன கலரா இருந்தா என்ன?

— சொல்லுங்க பாய், என்ன கலரு?

— ஊதா.

— ஊதாவா? ஐயோ மாதாவே.

— நர்சம்மா? ஏன் பதறுறீங்க? அவுத்துடட்டுமா?

— அவுக்காதீங்க. கை வெக்காதீங்க. எறங்கி வாங்க மொதல்ல. சீக்கிரம் வாங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். மொழங்காலு சிராய்ச்சுப் போச்சு. என்னம்மா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? யாரு பண்ணினதுன்னு தெரியுமா?

— இது குறும்பு இல்ல பாய். தவக்காலத்துல, ஈஸ்டருக்கு முன்னாடி கடைசி ரெண்டு வாரம் கோயில்ல இருக்கற சிலுவை, மாதா, அந்தோணியாரு, எல்லாச் சுரூபத்தையும் ஊதாத் துணி போட்டு மூடிருவோம். அந்தத் துக்கத்துல சாமி மொகத்தப் பாக்கக் கூடாதுன்னு. பாஸ்கா பூசையில மணியடிக்கறப்பதான் தெறப்போம். மந்திரிச்சது எதுவும் தெறந்து கெடக்காது.

— சுரூபத்த மூடுங்க, வேணாங்கல. இது தட்டும்மா. ரேடியோப் பொட்டி மாதிரி ஒரு மிஷினு.

— நாந்தான் பங்குசாமியக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வெச்சேன். பசங்க கல்லு வுடக் கூடாது, ஆளாளுக்குத் தொட்டு ஒடைக்கக் கூடாதுன்னு. ‘இது மந்திரிச்ச பொருளு, சுரூபம் மாதிரி பாத்துக்கணும்’னு ஊரக் கூட்டி வெச்சு தொண்ட கிழியக் கத்தினேன். நா சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டாங்க பாய்.

— அட ஆண்டவனே.

— தட்டு வந்து இதுதான் மொதத் தவக்காலம். போன ஞாயித்துக்கெழமதான் எல்லாத்தையும் மூடினது. திங்கள், செவ்வாய் பாட்டரியில இருந்ததுல ஓடியிருக்கும். புதன்கெழம நின்னிருக்கும். வியாழக்கெழம பாம்பு கடிச்சுது.

— அப்ப மூடினது...

— வருசா வருசம் கோயில்ல துணி போட்டு மூடறது யாகப்பன் ஐயாதான். அது அவரு வேலை. வேற யாரும் செய்ய மாட்டாங்க.

— நர்சம்மா, மெதுவாப் பேசுங்க. அப்ப அந்த மனுசனே, அவரு கையாலயே, அவரு சம்சாரத்த...

— சொல்லாதீங்க. அத வாயால சொல்லாதீங்க.

— அவருக்கு இன்னும் தெரியாது போலருக்குது. தெரிஞ்சா தட்ட இப்படி வைவாரா?

— தெரிஞ்சா கெணத்துல விழுந்துடுவாரு. இப்பவே அரை உசுருதான். நேத்து மண்ணு போடறப்ப குழிக்குள்ள எறங்கப் போனாரு, நாலு பேரு இழுத்துப் புடிச்சாங்க. சொல்ல முடியாது பாய். சொல்லக் கூடாது.

— சொல்லலன்னா நாலு மணிக்குத் தட்டு போயிடும். தட்டுல ஒரு குத்தமும் இல்ல. துணிய உருவிட்டா இந்த நிமிசமே கரண்டு எறங்கும், நாளான்னைக்கு ஃப்ரிட்ஜு ஜில்லுனு இருக்கும்.

— நா என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. உண்மையச் சொன்னா இந்த மனுசன் சாவாரு. மறைச்சா அடுத்து எவனப் பாம்பு கடிக்குதோ அவன் சாவான். எனக்கு ரெண்டுல எது வேணும்னு கேக்கறாங்க. யாரு கேக்கறாங்க? கடவுளு கேக்கறாரா? நா என்னத்துக்குப் பாய் நர்சு படிச்சேன்?

— பொறுங்க. அழுதா வழி தெரியாது. சங்கதி என்னன்னா, தப்பு பொருளு மேல இருந்தாத்தான் பொருளத் தூக்கிப் போடுவாங்க. ஆளு மேல இருந்தா ஆளத்தான் வைவாங்க. சரிதான?

— அதுக்கு?

— தஸ்தகீரு போன மாசம் வந்தப்ப வயர சரியா முறுக்கி வுடாமப் போயிட்டான், அது கழண்டுக்கிச்சு, தட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு கூட்டத்துல சொல்லிடுங்க. நானே நின்னு ஒத்துக்கறேன்.

— பைத்தியமா உங்களுக்கு? ஊரே எழவு வூடா இருக்குது. ஒரு பொம்பள செத்ததுக்கு நீங்கதான் காரணம்னு நீங்களே போயி நிப்பீங்களா? உங்கள உசுரோட வுடுவாங்களா?

— நாலு அடி அடிப்பாங்க. வாங்கிக்கறேன். இந்த ஊரு ரேடியோ எதுவும் இனி எங்கடைக்கு வராது, போவட்டும்.

— சுத்துப்பட்டு ஊரெல்லாம் பரவும் பாய். உங்க பேரே கெட்டுப்போயிடும். தஸ்தகீரு தொட்டா ஆளு சாவும்பாங்க. உங்க பொண்ணு ஷகிலாவுக்கு மாப்பிள பாக்கறேன்னீங்களே.

— தெரியும். எனக்கு மட்டும் ஆசையா? ஆனா அந்தம்மா கையால கீரை தின்னேன். அவங்க புருசன நா எப்படி அந்தக் கெணத்துக்கு அனுப்பறது? மணியும் நின்னு ரொம்ப நேரமாச்சு. அவரு வரதுக்குள்ள சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

— என்னால முடியல...

— சரின்னு சொல்லாதீங்க நர்சம்மா.

— ஐயா! நீங்க... எப்ப வந்தீங்க?

— பாயி மரத்துல இருந்து எறங்கறப்பவே வந்துட்டேன். அந்தச் செவுத்து ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன்.

— யாகப்பன் ஐயா, தப்பு எம்மேலதாங்க. போன மாசம் அந்த வயர...

— சும்மா இரு பாய். பொய் பேசி உனக்குப் பழக்கமில்ல. ஊதாச் சேலைதான கட்டியிருக்குது? ஓரத்துல மஞ்சக் கோடு?

— ஆமாங்க.

— ஐயா, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, நாந்தான் மந்திரிக்கச் சொன்னேன், பாவமெல்லாம் என்னுது. நீங்க பக்தியில மூடினீங்க...

— நா எங்க மூடினேன்? முட்டிக்கு மாத்திர குடுக்கறவங்க நீங்க. ஏணியில என்னால ரெண்டு படி ஏற முடியாதுன்னு உங்களுக்கே மறந்து போச்சா? மூணு வருசமா உள்ள இருக்கற சுரூபத்துக்குத்தான் நா துணி போடறது. உசரத்துல இருக்கறதெல்லாம் அவதான். மணிக்கவுறு மாத்தறதும் அவதான், தட்டத் தொடைக்கறதும் அவதான்.

— மிக்கேலம்மாவா...

— கோயில் துணி பத்தல. பொட்டியத் தொறந்து அவ கல்யாணச் சேலைய எடுத்தா. ‘எல்லாத்தையும் மூடிட்டு மந்திரிச்ச தட்ட மட்டும் வெயில்ல போட்டா ஆண்டவரு கேப்பாரு’ன்னா. ‘ஃப்ரிட்ஜு நின்னுடாதா’ன்னு கேட்டேன். ‘நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன், அது தொட்டி மாதிரி, ரொம்பிக் கெடக்குது’ன்னு சொல்லிட்டு ஏறினா.

— ஐயோ! அதுக்குத்தான் கேட்டாங்களா? நா ஆமான்னேன். பொட்டி கட்டற அவசரத்துல நிமிந்துகூட பாக்காம ஆமான்னு சொன்னேன் ஐயா! அவங்கள நாந்தான்...

— வுடுங்க. யார யாரு குத்தம் சொல்லி அவ எழுந்து வரப் போறா? பாய், இந்தா சாவி. ஏணிய எடுத்துக்கிட்டு மேல ஏறு. முடிச்ச அறுக்காத, மெதுவா அவுத்து எடு. சேலைய மடிச்சு எங்கையில குடு. தட்டு அங்கயே இருக்கட்டும்.

— அப்ப கூட்டத்துல என்னங்க சொல்றது?

— நாந்தான் மூடினேன்னு நானே சொல்லிக்கறேன். என் முட்டியப் பத்தி அங்க யாரு கேக்கப் போறாங்க? ரெண்டு பேரும் அதுக்கு ஆமான்னு மட்டும் தலையாட்டுங்க. அவ பேரு எவன் வாயிலயும் வரக் கூடாது.

— உங்களுக்கு மொதல்ல இருந்தே தெரியும். தெரிஞ்சும் தட்டு கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னு ஊரக் கூட்டி அதத் தூக்கியெறியச் சொன்னீங்களே, ஏன் ஐயா?

— வண்டியில போறப்ப கேட்டா நர்சம்மா. நாக்கு கொழறுது, கண்ணு சொருகுது, ‘நா மூடினதாலயா மருந்து கெட்டுச்சு, நா மூடினதாலயா’ன்னு அதையே கேட்டுக்கிட்டு வந்தா. ‘இல்ல புள்ள, தட்டு தானாக் கெட்டுப்போச்சு, உம்மேல ஒண்ணுமில்ல’ன்னு சிலுவையத் தொட்டு சத்தியம் பண்ணித்தாங்க நா அவள அனுப்பி வெச்சேன்.